112-க்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக்

அன்புள்ள ஆத்தா,

உன் பயிற்சி நோட்டு கிடைத்துவிட்டது. விளையாட்டு அறை அலமாரியில், காற்றுப் போன வாலிபால்களுக்கு அடியில் கிடந்தது. அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாக உன் அம்மாவோடு சண்டை போட்டாயாமே. முதலில் அவரிடம் போய் சமாதானம் சொல்.

பெயர் போடாமல் எழுதச் சொன்னாய். போடவில்லை. ஆனால் நோட்டில் இருப்பதை எழுதாமல் இருக்க முடியாது.

தேதி, ஓடிய தூரம், நேரம். இந்த மூன்றைத்தான் எழுதச் சொல்லியிருந்தேன். நீ ஆடி மாதத்திலிருந்து இடது ஓரத்தில் பென்சிலால் இன்னொரு எண்ணையும் எழுதி வந்திருக்கிறாய். 84, 88, 91. ஐப்பசியில் நூறைத் தாண்டுகிறது. மார்கழியில் ஒரு நாள் 112. ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டைப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக் போட்டவள் நான். அந்த மார்கழிப் பக்கத்தில் என் டிக்கின் வால் நீண்டு போய் 112-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அது என்ன எண் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒன்பதாம் வகுப்பில், வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, "காலையில படுக்கையை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எண்ணணும். கட்டை விரலை வைக்காதீங்க, அதுக்கே தனியாத் துடிப்பு இருக்கு. பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்காதீங்க, முழு நிமிஷமும் எண்ணுங்க" என்றேன். நாற்பது பேர் தலையாட்டினார்கள். நீ மட்டும் செய்திருக்கிறாய். நன்றாகப் பழகிய ஓட்டக்காரிக்கு அந்த எண் அறுபதை ஒட்டி இருக்கும் என்பதும் நான் சொன்னதுதான்.

400 மீட்டரை 61 செகண்டில் முடித்தவள் 67-க்குப் போனாய். ரிலேயில் பேட்டனை இரண்டு முறை நழுவவிட்டாய். "கவனம் எங்க இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, தண்டனையாக 300 மீட்டரை ஆறு தடவை ஓட வைத்தேன். தறிகெட்டு அடித்துக்கொள்ளும் இதயத்தோடு அப்படி ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று இதய டாக்டர் பின்னால் விளக்கியபோது, நாற்காலியில் உட்கார முடியாமல் வெளியே வந்துவிட்டேன். உனக்கு அது தெரியாது. ஃபோன் வந்ததாகச் சொன்னேன்.

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. முதல் டாக்டர் இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் பரீட்சை பயம் என்றார். மூன்றாமவர் ஈசிஜி எடுத்து, "துடிப்பு வேகமா இருக்கு, வேற ஒண்ணுமில்ல, மனசை லேசா வச்சுக்கம்மா" என்று அனுப்பிவிட்டு, உன் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு யாரையாவது விரும்புகிறாளா என்று விசாரித்திருக்கிறார். நாலு இட்லி சாப்பிட்டவள் எட்டு சாப்பிட்டும் ஏழு கிலோ இளைத்தபோது, உன் அப்பத்தா கண்ணு பட்டிருச்சு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பில் ஏதோ சரியில்லை என்றாவது அவர் நம்பினார்.

மார்கழிக் குளிரில் வீடே போர்த்திக்கொண்டு தூங்க, நீ மட்டும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் கல் தரையில் படுத்தாயாம். இதையும் நோட்டில் எழுதியிருக்கிறாய்: "தரை குளிர்ச்சி. தூக்கம் 2 மணி."

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் அப்பாவுக்குக் கை உதவிக்குப் போவாய் அல்லவா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த நிறத்துச் சிமெண்டுக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். சிவப்பு மஞ்சளுக்குள் போகக் கூடாது. பத்து வயதிலிருந்து செய்கிற வேலை. அன்றைக்கு ஐந்து கல்லைக் கெடுத்தாய். அப்பா திட்டவில்லை. கரண்டியை வாங்கி வைத்துவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கெட்டுப்போன கல் ஒன்றை நீ சாக்கில் சுற்றி எடுத்து வைத்தாய்.

அடுத்த வாரம் அந்தக் கல்லையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் நின்று மதுரைக்குப் போனீர்கள். அங்கேயும் அந்தச் சின்ன வயசு டாக்டர் "பதட்டமா இருக்கியாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். நீ கேட்ட கேள்வியை உன் அப்பா என்னிடம் நாலு தடவையாவது சொல்லிவிட்டார்: "சார், இது பயத்துல வர்றதுன்னா தூங்கி எழுந்திரிச்ச உடனே எப்படி 112 இருக்கும்? தூக்கத்துல நான் யாருக்கு பயந்தேன்?"

டாக்டர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, உன் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. "இதுக்கு ஏன் யாரும் தைராய்டு பார்க்கலை?" என்று கேட்டாராம்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.01-க்கும் கீழே. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இது இறங்கிவிடும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை இருக்க வேண்டியது. ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை, ஆத்தா. பிறகு ஆன்டிபாடி பார்த்து கிரேவ்ஸ் நோய் என்று உறுதி செய்தார்கள். உடம்பின் காவல்காரனான நோய் எதிர்ப்புச் சக்தியே கழுத்தில் இருக்கும் தைராய்டைப் போட்டு விரட்ட, அது நிறுத்தாமல் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறது. படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, உடல் மெலிவு, தூக்கமின்மை எல்லாம் அதன் வேலை. பயம் என்று சொல்லித் தள்ளிவிடுவதற்கு வசதியான அறிகுறிகள், அதுவும் பதினேழு வயதுப் பெண் சொன்னால்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதிக்கொடுத்தபோதும் நீ சும்மா வரவில்லை. "நான் போட்டிக்கு ஓடுறவ. இதுல தடை செஞ்ச மருந்து எதுவும் இருக்கா?" என்று கேட்டாய். துடிப்பைக் குறைக்கக் கொடுத்த பிராப்ரனலாலுக்கு வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்ற சில விளையாட்டுகளில்தான் தடை, ஓட்டத்துக்கு இல்லை என்று அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். சென்னைக்குப் போன பிறகும் ஒன்றை மறந்துவிடாதே. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே கார்பிமசோலை நிறுத்திவிட்டு இரத்த அணுக்களைப் பார்க்கச் சொன்னார்கள். விடுதி வார்டனிடம் இதை எழுதியே கொடுத்துவிடு.

நீ படுத்திருந்தபோது உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கெயில் டெவர்ஸ் கதையைச் சொன்னேன். அமெரிக்கத் தடை ஓட்டக்காரி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அரையிறுதியோடு வெளியேறினார். உடம்பு தேய்ந்துகொண்டே போனது. கிரேவ்ஸ் என்று கண்டுபிடிக்க 1990 ஆகிவிட்டது. கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகு பாதங்கள் வீங்கி, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை வரை போனார். 1992 பார்சிலோனாவில் 100 மீட்டரில் தங்கம், 1996 அட்லாண்டாவில் மறுபடியும். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அவுங்க ஜெயிச்சதால நம்புறீங்க டீச்சர். தோத்திருந்தா?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதனால்தான் பிரேயரில் உன்னை "நோயை வென்ற வீராங்கனை" என்று மைக்கில் புகழ்ந்தபோது கைதட்டாமல் நின்றேன். நீ கோபித்துக்கொண்டாய் என்று தெரியும். நீ இன்னும் 63-இல்தான் ஓடுகிறாய். மாத்திரை இன்னும் பல மாதம் இருக்கிறது. பழைய 61 திரும்ப வரலாம், வராமலும் போகலாம். எது நடந்தாலும் 112 என்பது 112-தான், அதை நீ பென்சிலில் எழுதிய நாளிலிருந்தே.

இந்த வருஷம் பிள்ளைகளின் நோட்டில் நாடிக்கு என்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். டிக் போடுவதை விட்டுவிட்டேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். சனிக்கிழமை மதியம் முழுக்க அதற்கே போய்விடுகிறது. உன் தம்பி எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சொல்லி வை.

உன் நோட்டில் அந்த டிக்கை அழிக்கலாமா என்று வெள்ளை மையை எடுத்துவிட்டு, மறுபடி மூடி வைத்துவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் வந்து வாங்கிக்கொள். நான் இல்லாவிட்டால் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும். மேல்தட்டில், சாக்கில் சுற்றிய கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கல்லை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் பி.டி. டீச்சர்
காரைக்குடி