மெட்டைப் படைத்தவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

'மை வே' என்ற ஆங்கிலப் பாடல் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அதைப் பாடிய அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் குரலை மனமாரப் பாராட்டியது. மெட்டைப் படைத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது பெருங்குறை. 1967-இல் குளோத் பிரான்சுவா, ழாக் ரெவோ, ழில் திபோ உருவாக்கிய 'கொம் தபித்யூத்' என்ற பிரெஞ்சுப் பாடலே 'மை வே'யின் மூலப் பாடல். காதல் வற்றிய இருவரின் அன்றாடத்தைச் சொன்ன அந்த மெட்டுக்கு, வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் ஒருவரின் பெருமிதத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் பால் ஆங்கா. பிரெஞ்சுப் பாடகர் சார்ல் திரெனேயின் 'லா மேர்' பாடலும் இவ்வாறே ஆங்கில வடிவில் உலகைச் சுற்றியது.

நான் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் 'மை வே'யையும் அதன் பிரெஞ்சு மூலத்தையும் ஒலிக்கவிட்டபோது, பிரெஞ்சுப் பாடலைத்தான் நகல் என்று மாணவர்கள் பலர் எண்ணினர். இனி இத்தகைய கட்டுரைகளில் மூலப் பாடலின் பெயர், ஆண்டு, படைத்தவர்கள் ஆகிய விவரங்களைப் பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிட வேண்டுகிறேன்.

- பிரெஞ்சு ஆசிரியர், புதுச்சேரி