ஊதா இலை பச்சையாவது ஏன்?

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பர்ப்பிள் ஹார்ட் செடியின் அடி இலைகள் இன்னும் கத்தரிக்காய் நிறத்திலேயே இருக்க, நுனியில் வந்த புதிய இலைகள் மட்டும் சாம்பல் பூத்த பச்சையாக, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு தெரிவதால், இது நோயுமில்லை, உரக் குறையுமில்லை. வெளிச்சம் போதாததுதான் காரணம்.

இந்த இலையில் பச்சையம் எப்போதும் உண்டு. மேல்தோலில் சேரும் ஆந்தோசயனின் என்ற நிறமி அதை மறைப்பதால்தான் நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது. கடும் ஒளியிலிருந்து இலையைக் காப்பது அந்த நிறமியின் வேலைகளில் ஒன்று. ஒளி குறைந்தால் செடி அதைக் குறைவாகவே உண்டாக்கும், பச்சை வெளிப்பட்டுவிடும். மெக்சிகோவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இதற்கு நம் மதுரை வெயில் பிடித்துப்போய், சாலை நடுத்திட்டுகளில் அதிகக் கவனிப்பில்லாமலே படர்கிறது. டிசம்பரிலும் இங்கே பகல் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. நீ இருக்கும் லண்டனிலோ 8 மணி நேரம்கூட இல்லை.

ஆகவே தொட்டியைப் புத்தக அலமாரியிலிருந்து எடுத்துத் தெற்கு பார்த்த ஜன்னலில், கண்ணாடியை ஒட்டினாற்போல் வை. ஹீட்டருக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். உரம் போட்டால் நிறம் திரும்பும் என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. தழைச்சத்து கூடினால் இந்தத் தண்டு இன்னும் நீளும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் உரமே வேண்டாம். தண்ணீரும் தினம் ஊற்றாதே. விரலை விட்டுப் பார்த்து மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்று. சதைப்பிடிப்பான தண்டில் ஈரம் சேமிப்பில் இருப்பதால் சில நாள் தாங்கும். அடியில் தண்ணீர் தேங்கினால்தான் அழுகும்.

நீண்டு போன தண்டுகளை மார்ச்சில் பகல் நன்றாக நீண்டதும் வெட்டிவிடு. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்து புதுக்கிளை வரும். வெட்டியதைக் குப்பையில் போடாதே. கீழ் இலையை உரித்தால், தண்டைச் சுற்றியிருந்த அதன் உறை கழன்று வந்து கணு வெளிப்படும். அந்தக் கணு மூழ்கும்படி தண்ணீரில் நிறுத்தினால், ஓரிரு வாரத்தில் வெள்ளை வேர்கள் விட்டுவிடும். அப்படி வேர்விட்ட நாலைந்தைத் தாய்ச்செடியின் தொட்டியிலேயே நெருக்கமாக நட்டு, அவ்வப்போது நுனி கிள்ளிக்கொண்டு வந்தால்தான் தொட்டி நிறையும். ஒற்றைத் தண்டாக விட்ட பர்ப்பிள் ஹார்ட் எனக்கு எப்போதுமே பார்க்கச் சகிக்காது.

வெளிச்சம் கூடிய பிறகு நுனியில், படகு போன்ற இரு இலைகளுக்கு நடுவே மூன்றிதழ் இளஞ்சிவப்புப் பூ வரும். காலையில் விரிந்து அன்றே வாடிவிடும் என்பதால், வேலைக்குக் கிளம்புமுன் பார்த்துக்கொள். இதன் தாவரவியல் பெயரான டிரடெஸ்கான்ஷியா, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தோட்டக்காரர்களாக இருந்த டிரடெஸ்கன்ட் தந்தை மகனை நினைவுபடுத்துவது. அவர்களுடைய கல்லறை லண்டனின் லாம்பெத் பகுதியில், இப்போது தோட்ட அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தேவாலயத்தின் வளாகத்தில் உள்ளது. ஒரு சனிக்கிழமை போய் வாயேன்.

தண்டின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள். உன் அறைத்தோழியின் பூனை இலையைக் கடித்தால் அதற்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால், தொட்டியை அது ஏற முடியாத ஜன்னலாகப் பார்த்து வை.

அன்புடன்,
அப்பா