சபை வரலாறு எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். உங்கள் மெதடிஸ்ட் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போதகர்களின் பட்டியலும் அடிக்கல் நாட்டிய தேதியும் கிடைத்துவிட்டன, இனி சுலபம் என்று எழுதியிருந்தாய். எனக்கு அங்கேதான் கவலை.

மெதடிஸ்ட் சபையில் போதகர் வந்து போகிறவர். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பிரான்சிஸ் ஆஸ்பரி 1771-ல் அமெரிக்காவுக்கு வந்தார். 1816-ல் இறக்கும்வரை அவருக்கென்று ஒரு வீடு கிடையாது, குதிரைமேலேயே ஊர் ஊராகப் போனார். அவரைப் போன்ற ஊழியர்கள் ஒரு ஊருக்கு வந்துவிட்டுப் போனால், மறுபடி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஜெபம் நடத்தியதும் நோயாளிகளைப் போய்ப் பார்த்ததும் அந்தந்த ஊர் வகுப்புத் தலைவர்கள்தான். வகுப்பு என்றால் பள்ளி வகுப்பு அல்ல, வாராவாரம் ஒரு தலைவர் கவனித்துக்கொள்ளும் சபையாரின் சிறு குழு. உன் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.

இந்த வகுப்பு எப்படி வந்தது தெரியுமா? கடனால் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1739-ல் கட்டிய ஆராதனைக் கூடத்தின் கடன் அடையவில்லை. 1742 பிப்ரவரியில், மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லி ஆட்களைக் கூட்டி யோசனை கேட்டார். ஃபாய் என்ற கேப்டன் எழுந்து, கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். ஏழைகள் எங்கே போவார்கள் என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு ஃபாய், இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றார். சரி என்று மற்றவர்களும் ஆளுக்குப் பதினோரு பேரை ஏற்றுக்கொண்டார்கள். பென்னி வாங்க வீடுவீடாகப் போனவர்களுக்கு அந்தந்த வீட்டின் பாடு தெரியவந்தது. நாம் இத்தனை நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

பெண்களை விட்டுவிடாதே. 1766-ல் நியூயார்க்கில் பார்பரா ஹெக் வற்புறுத்தியதால்தான் அவர் உறவினர் பிலிப் எம்பரி பிரசங்கிக்க ஆரம்பித்தார், தன் வீட்டிலேயே, ஒரு கைப்பிடி பேருக்கு.

அப்புறம், சபைக்குள் நடந்த சண்டைகளை மறைக்காதே. அமெரிக்க மெதடிஸ்டுகள் அடிமை முறையை வைத்து 1844-ல் பிளந்தார்கள். 1939-ல் சேர்ந்தபோதும் கறுப்பினச் சபைகளைத் தனிப் பிரிவாக ஒதுக்கினார்கள், அது 1968 வரை நீடித்தது. உங்கள் சபையில் யாரைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேள்.

பழைய வகுப்புப் பதிவேடு எங்காவது பெட்டியில் கிடக்கிறதா பார். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் வந்தார், வரவில்லை, சுகமில்லை, வெளியூர் என்று வாராவாரம் குறி போட்டிருப்பார்கள். கிடைத்தால், 'சுகமில்லை' என்றே பல வாரம் வந்து, பிறகு குறியே இல்லாமல் நின்றுபோகிற ஒரு பெயரை எடுத்துக்கொள். அந்த வீட்டார் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று விசாரி. முதல் அத்தியாயத்தை அங்கிருந்து ஆரம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்