ஆச்சி கேட்ட கேள்விக்கு விடை தாருங்கள்

நெல்லைச் சீமையின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் சமூக வலைத்தளங்களை ஆராய்ந்துவரும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் முக்கூடலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் எங்கள் தெருவுக்கு நான்கு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த வினாத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கிறீர்கள், அதில் வருவதை நம்புகிறீர்களா என்று தமிழில் சொல்லிக் கேட்டு, கட்டங்களில் குறியிட்டுக்கொண்டார்கள். பெயர், வயது, சாதி, செல்போன் எண் எல்லாம் தாளில் ஏறின. திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆச்சி, "இதை வைத்து என்ன செய்யப் போகிறாய், தம்பி?" என்று கேட்டார். "ப்ராஜெக்டுக்கு, ஆச்சி" என்றான் பையன். நல்ல பிள்ளைகள்தான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்து ஆச்சி என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ளைகள் என்ன கண்டுபிடித்தார்கள், வாத்தியாரையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை யாரும் வந்து சொல்லவும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் எடுத்திருக்கும் பொருள் சிறியதன்று. அதன் கனத்தை நான் வெள்ளத்தின்போது கண்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. சிலருடைய செல்போனில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. இரவு ஒன்பது மணி இருக்கும், வாட்ஸ்அப்பில் ஓர் ஆணின் குரல் வந்தது. குளம் உடைந்துவிட்டது, அரை மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிடும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றது. பேச்சு அப்படியே நம் ஊர்ப் பேச்சு, மூச்சிரைப்பு வேறு. கொட்டும் மழையில் கைக்குழந்தைகளோடும் நடக்க முடியாத முதியவர்களோடும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடினோம். இருட்டில் ஒரு பெண் சாக்கடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். குளம் உடையவில்லை.

மறுநாள் அதே குழுவில் இன்னொரு குரல் வந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார், எந்தச் சந்து வழியாகப் போனால் இடுப்பளவுத் தண்ணீரில் அவரை அடையலாம் என்று சொன்னது. பிள்ளைகள் போய்க் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அந்தக் குரலும் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. முதல் குரலை நம்பியதுபோலத்தான் அதையும் நம்பினோம். எழுத்தில் வந்திருந்தால், யார் அனுப்பியது என்று நாலு பேராவது கேட்டிருப்பார்கள். குரல் என்பதால் கேட்கவில்லை. நம் ஊர்ப் பேச்சே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

உங்கள் துறையில் நடந்திருப்பதை நூலகத்தில் அமர்ந்து என்னால் முடிந்த அளவு படித்தேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, பொய்தான் மெய்யைவிட விரைவாகவும் தொலைவாகவும் பரவுகிறது என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் பரப்பியதில் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களின் பங்கே பெரிது என்றும் சொன்னார்கள். அருமையான உழைப்பு. ஆனால் அது பொதுவெளியில் எழுதப்பட்டதைப் பற்றியது. முக்கூடலில் அன்று ஓடியது எழுத்தில்லாத குரல். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத மூடிய குழு. எந்த மென்பொருளைக் கொண்டும் அதை நீங்கள் அள்ளிவிட முடியாது. பொதுவெளித் தரவும் இப்போது முன்புபோல் கிடைப்பதில்லை. ட்விட்டர் இலவசத் தரவை 2023இல் நிறுத்தியது. ஃபேஸ்புக் பதிவுகளைப் பின்தொடர ஆய்வாளர்களுக்கு உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. எங்கள் தெருவுக்கு வந்து மனிதர்களிடம் கேட்பது ஒன்றுதான் மிச்சமிருக்கும் வழி.

அப்படி வரும்போது எதைக் கேட்கவேண்டும்? என் மனத்தை அரிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நெருங்கிய உறவுகளைவிட, ஏதோ தெரிந்தவர் என்ற அளவில் இருக்கும் மெல்லிய பழக்கங்களே புதிய செய்தியையும் வேலை வாய்ப்பையும் கொண்டுவருகின்றன என்று 1973இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். தாராவிக்கும் சென்னையின் மளிகைக் கடைகளுக்கும் பிழைக்கப் போன நம் மக்களுக்கு இது புதிதன்று. ஆனால் அந்த மெல்லிய பழக்கம் நம் ஊரில் இன்னொரு வேலையும் செய்துவந்தது. சுருட்டிய பீடியைக் கணக்குக் கொடுக்கும் பீடிக்கடை வரிசையில் மேலத்தெருப் பெண்ணும் கீழத்தெருப் பெண்ணும் அருகருகே நின்றார்கள். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போனதில்லை; அந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனாலும் முகம் தெரியும், பிள்ளையின் பெயர் தெரியும். அந்தத் தெருப் பையன்கள் அரிவாளோடு வருகிறார்கள் என்று வதந்தி எழுந்தால், "அவள் மகனா? இருக்காது" என்று சொல்ல ஒருத்தியாவது இருந்தாள்.

இன்று ஒவ்வொரு தெருவுக்கும், சில இடங்களில் ஒவ்வொரு சாதிக்கும், தனித்தனிக் குழு. "இருக்காது" என்று சொல்லக்கூடியவர் அந்தக் குழுவில் இல்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அளித்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நானே வகுப்பில் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன். பையனின் செல்போனுக்குள் இரவு முழுவதும் ஓடும் சாதிப் பெருமைக் காணொளியை எப்படி அவிழ்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெறுப்பைச் செல்போன் உண்டாக்குகிறதா, இருந்த வெறுப்பையே வேகமாக ஓடவிடுகிறதா, பழைய மெல்லிய பழக்கங்கள் அறுந்ததில் அதற்குப் பங்கு உண்டா? ஊகிக்க என்னால் முடியும். ஆராய்ந்து சொல்ல உங்களால்தான் முடியும்.

முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஷ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகே மக்களோடு தங்கி ஆராய்ந்து, இணையத்தில் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதில் குடும்பமும் சாதியும் வர்க்கமும் எவ்வளவு தூரம் செல்வாக்குச் செலுத்துகின்றன என்று 2017இல் எழுதினார். அந்த ஆய்வு இடம்பெற்ற லண்டன் பல்கலைக்கழகத் திட்டத்தார் தங்கள் முடிவுகளைத் தமிழிலும் வெளியிட்டார்கள். லண்டனிலிருந்து தமிழில் சொல்ல முடிந்ததைப் பாளையங்கோட்டையிலிருந்து சொல்ல முடியாதா?

கேட்காமல் ஆராய்வதன் கேட்டையும் உலகம் பார்த்துவிட்டது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் மகிழ்ச்சியான பதிவுகளையோ துயரமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தப் பக்கங்களுக்கு உரியவர்களில் ஒருவரிடமும் தனியாகச் சம்மதம் கேட்கவில்லை. 2014இல் கட்டுரை வெளியானபோது எழுந்த கொந்தளிப்பில், அதை வெளியிட்ட இதழே தன் கவலையை அச்சிட நேர்ந்தது. நம் மண்ணிலும் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. இடையன்குடியில் வாழ்நாளைக் கழித்த கால்டுவெல், இங்குள்ள ஒரு சமூகத்தாரைப் பற்றி 1849இல் ஆங்கிலத்தில் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அம்மக்களே அதைப் படிக்கத் தொடங்கியபோது எழுந்த வேதனையும் எதிர்ப்பும் பல பத்தாண்டுகள் அடங்கவில்லை. மொழிக்கு அவர் செய்ததை நான் நன்றியோடு நினைப்பவன். ஆயினும் இதையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

அதே நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை வேறு வழி காட்டினார். கதைப்பாடல்களைப் பாடியவர்களிடமே கேட்டுத் திரட்டினார்; 'ஆராய்ச்சி' இதழைத் தமிழில் நடத்தினார். அவருடைய ஆய்வுக் குழுக் கூட்டங்களில் கல்லூரி மாணவனாகப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். கட்டுரை படித்தவரைப் பட்டம் பெறாதவர்களும் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அவரும் கோபம் கொள்ளாமல் பதில் சொல்வார்.

ஆகவே, அடுத்த முறை வரும்போது தமிழில் அச்சடித்த வினாத்தாளோடு வாருங்கள். சாதியையும் செல்போன் எண்ணையும் ஏன் கேட்கிறீர்கள், அந்தத் தாள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்லுங்கள். வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள். ஒரே தெருவில் நிறுத்திவிடாமல் எல்லாத் தெருக்களுக்கும் போங்கள். முடிந்ததும் என்ன கண்டீர்கள் என்று திரும்பி வந்து படித்துக் காட்டுங்கள். மதிப்பெண் கிடைக்காவிட்டாலும் வாருங்கள். பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரம் பேசுவதற்கு வசதியானது. கூட்டம் போட இடம் பார்த்துத் தருவது என் பொறுப்பு. ஆச்சிக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது. சற்று உரக்கப் படித்தால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
முக்கூடல்.