368 அடி

அன்புள்ள மீனா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ கொடுத்துவிட்ட போர்வையை அப்பா இந்த வெயிலிலும் மடியை விட்டு இறக்கவில்லை.

லண்டனில் காட்டிய அரண்மனை, பாலம் எல்லாம் பாதி மறந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள், “ஒரு கிணற்றைப் பார்க்கவா போகிறோம்?” என்று மாப்பிள்ளை சிரிக்க, ஸ்டோக் ரோ கிராமத்துக்குக் கூட்டிப்போனாயே, அது மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அப்பாவுக்குச் சொன்னால், “அத்தனை பச்சையாக இருக்கிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா?” என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேலே களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும். அதற்குக் கீழே சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பாறை. அந்த சில்டர்ன் மலைப்பக்கமே அப்படித்தானாம். பெய்கிற மழையைப் பாறை குடித்துவிடும். தேம்ஸ் எங்கேயோ பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டில் இருந்தவர்களுக்குக் களிமண் குழியில் தேங்கின தண்ணீர்தான் கதி.

நம் தோட்டத்துக் கிணறு 60 அடி. அதற்கே தாத்தா இரண்டு கோடை வெடி வைத்தார். அங்கே 368 அடி, அதுவும் கையால் வெட்டினது. வாய் அகலம் 4 அடிதான். அடியில் நின்றவன் அண்ணாந்து பார்த்தால் வானம் காலணா அளவுக்குத் தெரிந்திருக்கும். 1863 மார்ச்சில் தொடங்கி, 1864 மே 24, விக்டோரியா ராணி பிறந்தநாளன்று திறந்திருக்கிறார்கள்.

பணம் கொடுத்தது காசி மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங். நம் நாட்டில் வடக்கே வெள்ளைக்கார அதிகாரியாக இருந்த எட்வர்ட் ரீட் என்பவருக்குச் சொந்த ஊர் பக்கத்து இப்ஸ்டன். அவர் 1831-ல் ஆசம்கரில் ஒரு கிணறு வெட்டிக்கொடுத்தவர். பேச்சுவாக்கில் ராஜாவிடம் தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். ராஜா மனதில் வைத்துக்கொண்டார். 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரன் பக்கம் நின்றவர் அந்த ராஜா என்று அப்பா முகம் சுளிக்கிறார். இருக்கட்டும், குடம் நிறைந்ததா இல்லையா?

எனக்குப் பிடித்தது அந்தச் செர்ரித் தோப்பு. கோயில் விளக்குக்கு நிலம் எழுதிவைப்பார்களே, அந்த மாதிரி, பழம் விற்ற காசில் கிணற்றைப் பராமரிக்கச் சொல்லித் தோப்பையும் போட்டிருக்கிறார்கள். பெயர்கூட ராஜா பெயரில், இஷ்ரீ பாக்.

நீ கிணற்றுக்கு மேலே இருக்கிற கூண்டுக் கோபுரத்தையும் பொன்னிற யானையையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். நான் வாளியைச் சுற்றி ஏற்றுகிற கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிடமாம். பத்து நிமிடம்! ராட்டினத்தில் நான் இழுத்த இழுப்பெல்லாம் தோள்பட்டையில் திரும்ப வந்தது.

அப்போதுதான் நீ போனைப் பார்த்து அந்தக் கதையை வாசித்தாய். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு தாய் மகனைப் போட்டு அடித்தாளாம். ரீட் ராஜாவிடம் சொன்னது அதைத்தானாம்.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். நான் வரிசையில் நின்று பிடித்துவந்த குடத்தைத் திண்ணையில் வைத்தேன். பாண்டி ஆடிக்கொண்டிருந்த நீ காலால் தட்டிவிட்டாய். தண்ணீர் வாசல்படி தாண்டி ஓடியது. உன் முதுகில் என் ஐந்து விரலும் பதிந்தது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினேன். நீ தூங்கின மாதிரி படுத்திருந்தாய்.

கதையை வாசிக்கும்போது உன் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. காரில் கேட்க வாய்வரை வந்தது. மாப்பிள்ளை இருந்ததால் விட்டுவிட்டேன். போனில் கேட்டால், “அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். உனக்கு அது ஞாபகம் இருக்கா, கண்ணு?

அம்மா