சிட்டுவைப் பிழைக்க வைத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் வளரும் சிட்டு என்னும் பெண்பூனை, கருப்பையில் சீழ் கோத்து உயிருக்குப் போராடி, அறுவை சிகிச்சைக்குப் பின் தேறிவிட்டது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. ஒன்றரை வயதுகூட ஆகாத பூனையின் வயிறு பெருத்திருப்பதைக் கண்டு தெருவே அதைச் சினை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "சினையென்றால் இந்நேரம் காம்பு சிவந்திருக்கும்; இதுவோ இரை எடுக்காமல் தண்ணீரையே குடிக்கிறது, உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்றவர் அவர்தான். அப்போதே தம் காரை எடுத்து வந்த அவருடைய தம்பிக்கும் நன்றி.

புதுச்சேரி குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். ஸ்கேனில் குட்டி எதுவும் இல்லை, கருப்பையின் இரு கொம்புகளிலும், அதாவது அதன் இரு கிளைகளிலும், சீழே நிறைந்திருக்கிறது என்று கண்டதோடு, பதறி நின்ற எங்களுக்கு நோயையும் பொறுமையாக விளக்கினார்கள். புரோஜெஸ்டிரான் ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும் காலத்தில் உள்ளே ஏறும் கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே எளிதில் பெருகிவிடுகிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும், சிட்டுவுக்கோ அது மூடியிருந்ததால் ஒரு சொட்டும் தெரியவில்லை. இது வயதான பூனைகளுக்கே அதிகம் வருவதாம். ஆனால் எங்களிடம் வருமுன் சிட்டு வளர்ந்த வீட்டில், பருவக் கத்தலை அடக்க ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்; இளம் பூனைக்கும் இந்நோய் வர அது வழிசெய்யும் என்றும், அதனாலேயே சில பூனைகளுக்கு மடி வீங்குவதும் உண்டு என்றும் சொன்னார்கள். (கத்தல் தாங்கவில்லை என்று மாத்திரையைத் தேடுவோர் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.)

கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய மருத்துவக் குழுவினருக்கும், டிரிப்ஸ் ஏறும்போது உடனிருந்து பார்த்துக்கொண்ட மாணவ மாணவியருக்கும் எங்கள் வணக்கம்.

செலவுக்குப் பணம் தந்த அண்டை வீட்டாருக்கு ஒரு செய்தி. மீதமுள்ள தொகையில், தெருமுனையில் திரியும் இரண்டு இளம் பெண்பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்ய எண்ணியுள்ளோம். நான்கைந்து மாதத்திலேயே பூனை பருவத்துக்கு வந்துவிடக்கூடும் என்பதால் தள்ளிப்போட விரும்பவில்லை. இதில் எவருக்கேனும் மறுப்பிருந்தால் நேரில் தெரிவிக்கலாம். ரசீதுகள் அனைத்தும் எங்கள் வீட்டில் பார்வைக்கு உள்ளன.

இப்படிக்கு,
சிட்டுவின் வீட்டார்,
கடலூர் முதுநகர்.