மின்கம்பி இல்லாத இரண்டு வீடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பென்சில்வேனியாவில் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் விவசாயிகள் வாழும் லாங்காஸ்டர் கவுண்டியை, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த வண்டியான மோட்டார் ஹோமில் ஒரே நாளில் சுற்றிவந்த பயணக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஸ்ட்ராஸ்பர்க் நீராவி ரயிலைப் பற்றிய பகுதி சுவையாக இருந்தது. ஆனால் அங்கு வாழ்பவர்களைப் ‘பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் போய்வருகிறவன் நான். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவர் ஓட்டிச் சென்ற வண்டியையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் ஹோமில் பெரும்பாலும் அடுப்பும் வெந்நீரும் ஃபிரிட்ஜும் கேஸில் ஓடும், விளக்கு பேட்டரியில் எரியும். லாங்காஸ்டரில் ஆமிஷ் வீட்டுச் சமையலறையும் ஏறக்குறைய இப்படித்தான். மின்சாரம் அவர்களுக்கு எதிரி அல்ல. வீட்டை வெளியுலகோடு பிணைக்கும் கம்பிதான் வேண்டாம் என்கிறார்கள். பட்டறையில் டீசல் எஞ்சின் காற்றை அழுத்திக் கொடுக்க, ரம்பம் முதல் தையல் மெஷின் வரை அந்தக் காற்றிலேயே ஓடுகின்றன. பாலைக் குளிர்வித்துத்தான் தர வேண்டும் என்று வாங்குபவர்கள் சொன்னபோது, அதற்கும் டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டார்கள். வயலில் மட்டும் இன்றும் கோவேறு கழுதைகள்தான் ஏர் இழுக்கின்றன.

கார் விஷயமும் இப்படித்தான். வாடகைக் காரில் ஏறிப் போவார்கள், சொந்தமாக வாங்க மாட்டார்கள். ஆளுக்கொரு கார் வந்துவிட்டால் குடும்பமும் சபையும் திசைக்கொன்றாகச் சிதறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. லாங்காஸ்டரில் சைக்கிளைக்கூடத் தவிர்த்துவிட்டு, காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரில் போகிறார்கள். ஒரு புதுப்பொருள் வந்தால் சபையில் பேசி ஏற்கிறார்கள், அல்லது தள்ளுகிறார்கள். நம் வீடுகளுக்குள் செல்போன் நுழைந்தபோது யாராவது உட்கார்ந்து பேசினோமா?

எல்லாவற்றையும் நான் மெச்சவில்லை. பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. மத உரிமை என்று சொல்லி 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துவிட்டது. ஆனாலும் ஆசிரியர் பணியில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. கட்டுரையாளர் குறை சொல்ல நினைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம்.

அதே பாதையில் போக விரும்பும் வாசகர்களுக்கு அவர் சொல்லாமல் விட்ட சில விவரங்கள். பெரிய வண்டியை, இரவு தங்கும் இடமான கேம்ப்கிரவுண்டிலேயே நிறுத்திவிட்டு, சின்னக் காரிலோ நடந்தோ சுற்றுவது நல்லது. அங்குள்ள கூரை போட்ட பழைய மரப்பாலங்கள் பலவற்றில் உயரத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. பத்துப் பன்னிரண்டு அடி உயர வண்டியோடு அதன் வாசலில் போய் நின்றால், குறுகிய சாலையில் பின்னோக்கி ஓட்டி வெளியே வருவது பெரும்பாடு. பேர்ட்-இன்-ஹேண்ட் என்ற ஊர் வழியாகப் போகும் 340ஆம் எண் சாலையில் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள் ஓரமாகவே வரும், பின்னால் ஆரஞ்சு முக்கோணம் தெரியும். ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். எதிரே சாலை நன்றாகத் தெரிந்த பிறகு, நிறைய இடம் விட்டு முந்துங்கள். ஞாயிறன்று ஆமிஷ் கடைகளும் பண்ணை வாசல் காய்கறி மேசைகளும் மூடியிருக்கும், அதனால் வேலை நாளில் போங்கள். சில மேசைகளில் ஆள் இருக்க மாட்டார், பணப்பெட்டி மட்டும்தான் இருக்கும். சில்லறை கொண்டுபோவது அவசியம்.

கடைசியாக ஆசிரியர் குழுவுக்கு ஒன்று. கட்டுரையோடு வெளியான பெரிய படத்தில் குதிரை வண்டியில் இருக்கும் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிறது. முகம் தெரியும்படி படமெடுத்துக்கொள்வதை ஆமிஷ் மக்கள் தங்கள் நம்பிக்கைக்கு விரோதமாகக் கருதுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டதாகக் கட்டுரையில் எங்கும் இல்லை. இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தை எடுத்துவிட்டு, வயல்வெளிப் படம் ஒன்றைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி